ஜெயராணி போட்ட சைபர்

பன்னிரண்டு நாட்டு நகரமைப்பு வல்லுநர்கள் வியாழக்கிழமைதோறும் கணினித் திரையில் கூடுவார்கள். நமக்கு அப்போது மாலை ஐந்து மணி. டென்மார்க்கில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். பெருவில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும், அந்த ஊர்க்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே வணக்கம் சொல்வார். உலகத்துச் சிறு நகரங்களை எல்லாம் மனிதர் வாழத் தோதாக மாற்றுவது எப்படி என்பதுதான் பேச்சு. நல்ல விஷயம்தான், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் எட்டு மாதம் நடந்த அந்தப் பேச்சில், புதுக்கோட்டை மாவட்டத்துத் தெருவையும் வாய்க்காலையும் காலால் நடந்து அறிந்தவள் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளுடைய பெயர்கூடத் திரையில் கிடையாது. அவளுடைய கட்டத்துக்குக் கீழே ‘புதுக்கோட்டை-2’ என்று எழுதியிருக்கும்.

புதுக்கோட்டை-1 என்பது உடையப்பன். அந்தப் பன்னாட்டுத் திட்டத்துக்கு நம் பக்கத்து வேலையை எடுத்துச் செய்த தனியார் அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். கோட்டு போட்டுக்கொண்டு உட்காருவார், மேசைக்குக் கீழே லுங்கியோ என்னவோ, அது நமக்கு வேண்டாம். ஊருக்கு இரண்டு பேர் என்பது திட்டக்காரர்கள் வகுத்த முறை. ஒன்றாம் எண்காரர் பேசுவார். இரண்டாம் எண்காரர் கேட்டுக் குறிப்பெடுப்பார். நேரம் வீணாகக் கூடாது என்று இரண்டாம் எண்காரர்களின் மைக்கை அங்கேயே பூட்டி வைத்துவிட்டார்கள். கென்யா-2, பெரு-2, புதுக்கோட்டை-2 என்று பன்னிரண்டு வாய்கள் எட்டு மாதம் அப்படியே மூடிக் கிடந்தன. இதற்குப் பெயர் கூட்டு முயற்சி.

அந்தப் புதுக்கோட்டை-2 தான் ஜெயராணி. வயது நாற்பத்தாறு. ஆவூரில் பிறந்தவள். அப்பா கடலை பயிரிட்டுப் பிழைத்த சம்சாரி. மகளை டீச்சர் ட்ரெயினிங் அனுப்பச் சொல்லி ஊரே சொன்னபோது, ‘எனக்குக் கோடு போடத்தான் வரும்’ என்று அடம்பிடித்து ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பில் சேர்ந்தாள். முப்பது பேர் வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

படித்து முடித்ததும் ஒரு சர்வேயரிடம் வேலை. நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வேலைதான் முதலில் கிடைத்தது. அப்புறம் பென்சில், பேனா, கணினி என்று காலம் மாறியது, ஆளும் அலுவலகங்களும் மாறின, ஜெயராணியின் வேலை மட்டும் பத்தொன்பது வருஷமாக ஒப்பந்த வேலையாகவே நின்றது. வாசல் போர்டு மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது முதலாளி வந்து, ‘நீங்கதான் இந்த ஆபீஸுக்கே முதுகெலும்பு’ என்று சொல்லிவிட்டு, பதினொரு மாதத்துக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நடந்து பார்க்காத இடத்தை வரைய மாட்டாள். ‘சாட்டிலைட் படம் இருக்கேம்மா, அதைப் பாத்துக் கோடு போடுங்களேன்’ என்றால், ‘மாடியில இருந்து பாத்தா மண்டைதான் சார் தெரியும், மூஞ்சி தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். மூக்குக்கு மேலே கோபம் வரும். திருக்கோகர்ணத்தில் வாடகை வீடு, அந்தத் தெருவில் மழைநீர் வாய்க்கால் மேல் யாராவது சாய்தளம் கட்டினால் கொத்தனார் முன்னால் போய் நிற்பாள். கணவர் ஜெரால்டு ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். ‘இவ கூட ரோட்டுல நடக்க முடியலப்பா, நாலு எட்டு வெச்சா ஒரு சண்டை’ என்பார்.

இப்படிப்பட்டவள்தான் அந்தச் சைபரைப் போட்டாள். அதுதான் கொடுமை.

போன ஏப்ரலில் மேலவயலுக்கு சர்வே எடுக்கப் போனாள். அறந்தாங்கியில் பஸ் மாறி, ஆவுடையார்கோவிலும் தாண்டிப் போக வேண்டும். கடல் பக்கம் என்பதால் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். ஊர் சின்னதாக இருந்து இப்போது நகரமாகிக்கொண்டு இருந்தது. ஆயிரம் வீடுகளுக்கு மேல், செல்போன் கடை நாலு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்று. நடுவில் இரண்டு ஏக்கரில் நாச்சி ஊருணி. சுற்றிலும் கரை, கரைக்கு வெளியே முள்வேலி, ஒரே ஒரு வாசல், அதிலிருந்து இறங்குகிற கருங்கல் படி.

ஊர் முறைப்படி அன்றைக்குக் காவல் மீனம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும், கட்டையான உடம்பு, வேப்ப நிழலில் கையில் கம்போடு உட்கார்ந்திருந்தாள். பையும் குடையுமாக வந்தவளைப் பார்த்ததும் டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டாள்.

“டீச்சர், செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வாங்க. போனையும் பைக்குள்ள போட்டு இந்தா மரத்துல மாட்டிருங்க.”

“நான் டீச்சர் இல்லக்கா. சர்வே எடுக்க வந்திருக்கேன்.”

“யாரா இருந்தா என்ன? கலெக்டரே வந்தாலும் செருப்பு வெளியதான்.”

போனுக்குத் தடை வந்த கதையையும் அவளே சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருமகள் இடுப்பில் செருகியிருந்த போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. பேட்டரி விஷம் என்று ஊரே பதறி, மூன்று நாள் ஒருத்தரும் தண்ணீர் எடுக்காமல், ஆள் இறக்கித் தேடி எடுத்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். அதிலிருந்து குடத்தோடு வருகிற பெண்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஜெயராணிக்கு அது பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றினாள், பையை மரத்தில் மாட்டினாள், படியில் இறங்கித் தண்ணீரைப் பார்த்தாள். கலங்கல் இல்லாமல் அடி மண் தெரிந்தது.

மேலே வந்து, போனை எடுத்துச் சர்வே படிவத்தைத் திறந்தாள். கேள்விகள் டென்மார்க்கில் எழுதி வந்தவை. ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டாள்.

“உள்ள உக்கார பெஞ்சு மாதிரி ஏதாவது இருக்காக்கா?”

“எதுக்கு உக்காரணும்? உக்காந்தா வெத்தலையைப் போட்டு எச்சி துப்புவாக. உக்கார விட்டதே இல்ல.”

“கடை?”

“நூறடிக்கு இங்கிட்டு ஒரு பொட்டிக்கடை வெக்க விடமாட்டோம்.”

“லைட்டு, நடைபாதை?”

“ராத்திரி யாரு வாரா? வாசலப் பூட்டிருவோம்ல.”

“ஒரு நாளைக்கு எத்தனை பேர் இங்க வந்து பொழுது போக்குவாங்க?”

மீனம்மாள் கம்பைத் தரையில் தட்டிச் சிரித்தாள். “பொழுது போக்கவா? ஒரு ஈ காக்கா எறங்காது. எறங்குனா காலை ஒடிச்சிருவோம்.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்! ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்த நல்ல சேதிகள் அத்தனையும் அவை. ஜெயராணியும் அந்தப் பெருமையிலேயே மயங்கி, இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகக் குறித்து, கடைசிக் கேள்விக்கு சைபர் போட்டாள். பொய் எழுதத் தெரியாத கை. தண்ணீர் எடுப்போர் எத்தனை பேர் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. குறிப்பு என்றிருந்த கட்டத்தில் ‘குடிதண்ணீர் ஊருணி’ என்று தமிழில் எழுதி அனுப்பினாள். மீனம்மாள் சொம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “இனிக்குதுக்கா” என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, டென்மார்க்கிலிருந்து கூட்டத்தை நடத்தும் இங்கிரிட் அம்மையார் ஒரு பட்டியலைத் திரையில் காட்டினார். பன்னிரண்டு நாடுகளிலும் ஊர் நடுவில் பயனற்றுக் கிடக்கும் நாற்பத்து மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘உயிர்ப்பு மதிப்பெண்’ என்று ஒன்று போட்டிருந்தார்கள். மனிதர்கள் எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதைச் சர்வேயிலிருந்தும் போன்களின் நடமாட்டத்திலிருந்தும் கணக்கிட்டு வந்த மதிப்பெண். ஏழாவது வரியில் மேலவயல், நாச்சி ஊருணி. பத்துக்கு சைபர். பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் எட்டுப் பத்து சின்னச் சதுரங்கள் இருந்தன. ஜெயராணி எழுதிய தமிழை அந்தச் செயலி அப்படி மாற்றி அனுப்பியிருந்தது. உலகத்தை ஒன்று சேர்க்க வந்தவர்களுக்குத் தமிழில் இரண்டு வார்த்தை படிக்க வழியில்லை, அதைக் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து ஒரு படம் வந்தது. ஊருணியைச் சுற்றி நடைபாதை, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரமேடை, மிதி படகுகள், வண்ண விளக்கு, ஐஸ்கிரீம் கடை. கருங்கல் படியில் யாரோ இரண்டு பேர் ஷூ காலோடு உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். உயிரில்லாத இடத்துக்கு உயிர் கொடுக்கிறார்களாம். எல்லாக் கட்டங்களிலிருந்தும் கைதட்டும் பொம்மைகள் பறந்தன. உடையப்பனும் ஒரு பொம்மையைப் பறக்கவிட்டார்.

ஜெயராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரையில் கை தூக்கும் பொத்தானை அழுத்தினாள். இரண்டாம் எண்காரர்களின் கை யார் கண்ணிலும் படவில்லை. எழுதிக் கேட்கும் இடத்தில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள்: ஏழாம் எண் பயனற்ற இடம் இல்லை, ஊரே குடிக்கிற தண்ணீர். ஒரு நிமிஷம் கழித்து யாரோ பதில் போட்டார்கள். அருமையான உள்ளூர்த் தகவல், மிக்க நன்றி, அடுத்த கட்டத்தில் கவனிக்கப்படும். பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அதற்குப் பின் இருபது கைதட்டல்கள் வந்து அந்த வரியை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டன.

கூட்டம் முடிந்ததும் நேரே உடையப்பன் அறைக்குப் போனாள்.

“சார், அது குடிதண்ணி ஊருணி. அதுல போட் விடப் போறாங்களா?”

உடையப்பன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தார். “ஜெயராணிம்மா, சர்வே எடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“சைபர் போட்டது?”

“அதுவும் நான்தான் சார்.”

“நீங்க போட்டதைத்தானே அவங்க காட்டுனாங்க? இப்ப வந்து மாத்துனா, நம்ம டேட்டா மொத்தமும் தப்புன்னு ஆயிடும். செப்டம்பர் கடைசியில ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் கம்முனு இருங்க. உங்க பேர் எங்கயும் வராது, அதுக்கு நான் கேரண்டி.”

பெயர் வராது என்பதை ஏதோ சலுகை மாதிரி சொன்னார். இந்த மாதிரி ஆட்களிடம் வேலை பார்ப்பதைவிடப் பழையபடி சங்கிலி பிடிக்கப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் அவள் மனத்தைக் குடைந்தது உடையப்பன் இல்லை. சைபர் போட்டது யாரு என்ற கேள்விதான். நடந்து பார்க்காததை வரைய மாட்டேன் என்று பத்தொன்பது வருஷம் பீற்றிக்கொண்டவள், பகல் பதினொரு மணிக்குப் போய், ஆளில்லாத நேரத்தில் ஆளைத் தேடி, சைபர் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாள். கேள்வியே தப்பாக இருக்கிறதே என்று ஒரு நொடி நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மேலவயலில் போய் இறங்கினாள். மீனம்மாளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மீனம்மாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் டீச்சர் என்பதும் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது.

“ஏத்தா, எங்க தண்ணியக் குடிச்சிட்டு, இனிக்குதுன்னு சொல்லிட்டு, சைபர் போட்டியா நீ? இந்தப் படியில எறங்க எங்க தெருக்காரவுகளுக்கு உரிமை இல்லன்னு சொன்ன காலம் இருந்துச்சு, தெரியுமா ஒனக்கு? எங்கம்மா ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலஞ்சுச்சு. அடி வாங்குச்சு. அப்புறந்தான் நாங்க குடத்த முக்குனோம். இப்ப எவனோ படகு விடவாத்தா எங்கம்மா அடி வாங்குச்சு?”

ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யாரிடமும் இப்படித் திட்டு வாங்கியதில்லை, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்காமல் விட்டதுமில்லை. அன்றைக்கு முழுவதையும் வாங்கிக்கொண்டாள்.

“தப்புதாங்க்கா. அதைச் சரி பண்ணத்தான் வந்தேன். காலையில எத்தனை மணிக்குத் தண்ணி எடுக்க வருவாங்க?”

“அஞ்சு மணிக்கு. சாயந்தரமும் அஞ்சு மணிக்கு.” மீனம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “எங்க தங்கப்போற? இங்கனயே படு.”

மறுநாள் ஞாயிறு. சர்ச் பூசையை விட்டுவிட்டு ஜெயராணி ஐந்து மணிக்கெல்லாம் கரையில் உட்கார்ந்தாள். வாசலைத் திறந்ததும் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையிலும் போன் இல்லை. படியில் இறங்கி, குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, தண்ணீர் கலங்காமல் முக்கி, ஏறிப் போனார்கள். பேச்சு கூட மெதுவாகத்தான். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது, அது துணி துவைக்க, மாட்டுக்கு வைக்க. சோற்றுக்கும் குடிக்கவும் இதுதான். ஏழரை மணிக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு குடங்களை எண்ணிவிட்டாள். எட்டு மணிக்கு மீனம்மாள் வாசலைச் சாத்தினாள். அப்புறம் பார்த்தால் ஒரு ஈ காக்கா இல்லை. அந்த வழியாகப் போகிற யாருக்கும் அது கேட்பாரற்ற குட்டை மாதிரிதான் தெரியும்.

திங்கட்கிழமை படிவத்தைத் திருத்தி அனுப்பப் பார்த்தாள். தகவல் சேகரிப்புக் காலம் முடிந்துவிட்டது என்று செயலி சொன்னது. டென்மார்க்குக்கு மின்னஞ்சல் போட்டாள். உங்கள் ஊரின் ஒன்றாம் எண் பிரதிநிதி மூலமாக அனுப்பவும் என்று பதில் வந்தது. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். தப்பு உள்ளே வர ஒரு வாசல் போதும், சரி உள்ளே வர ஊர்ப்பட்ட பூட்டு.

அவள் ஒரு காரியம் செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேலதிகாரியிடம் நைச்சியமாகப் பேசினாள். “சார், கடைசிக் கூட்டத்துல ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு நிமிஷம் இருக்குல்ல? நான் மேலவயல்ல இருந்து லைவ்வா ஊருணியக் காட்டுறேன். சாயங்கால வெயில்ல நல்லா இருக்கும். அவங்களுக்கு இந்த மாதிரிக் காட்சின்னா ரொம்பப் புடிக்கும்.”

உடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பர் ஐடியா ஜெயராணிம்மா. இதைத்தான் நான் டீம் ஸ்பிரிட்ன்னு சொல்றேன்.” அன்றைக்கு மட்டும் புதுக்கோட்டை-2 இன் மைக்கைத் திறந்து வைக்கச் சொல்லி அவரே எழுதிப் போட்டார்.

செப்டம்பர் கடைசி வியாழன். ஜெயராணி நாலு மணிக்கே மேலவயலில் இருந்தாள். மீனம்மாள் தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

“படம் புடிக்கிறாகன்னா சேலை கீலை மாத்திட்டு வரணுமாத்தா?”

“வேணாங்க்கா. தினம் எப்படி வருவாங்களோ அப்படியே வரட்டும்.”

சொன்னால் கேட்கவா போகிறார்கள்? வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றதும் பாதிப் பேர் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பேர் பட்டே கட்டியிருந்தார்கள். குடங்களைப் புளி போட்டு விளக்கியிருந்தார்கள். ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டு, வேலிக்கு வெளியே கரையில் போனை ஒரு கம்பில் கட்டி நிறுத்தினாள்.

இங்கிரிட் புதுக்கோட்டையை அழைத்தார். உடையப்பன் நாலு வார்த்தை புகழ்ந்து பேசிவிட்டு, “எங்கள் களப்பணியாளர் காட்டுவார்” என்றார். ஜெயராணி போனைத் திருப்பினாள். படி முழுக்கப் பெண்கள். ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், இடுப்பில் குடம், வெறுங்கால், வாசலுக்கு வெளியே இரண்டு வரிசையாகக் கழற்றிப் போட்ட செருப்புகள். திரையில் உடனே இதயங்கள் பறக்க ஆரம்பித்தன.

“என்ன அழகு!” என்றார் இங்கிரிட். “இது என்ன திருவிழா?”

ஜெயராணிக்கு அந்தக் கணத்தில் வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த மைக் அது.

“திருவிழா இல்லை மேடம்,” என்றாள். இங்கிலீஷ் தடுமாறவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். “இன்றைக்கு வியாழக்கிழமை. நேற்று புதன், நேற்றும் இப்படித்தான் வந்தார்கள். நாளைக்கும் வருவார்கள். ஆயிரம் வீட்டுக்கு இதுதான் குடிக்கிற தண்ணீர். இதைத்தான் நீங்கள் பயனற்ற இடம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஏழாம் எண்.”

பறந்துகொண்டிருந்த இதயங்கள் நின்றன. இங்கிரிட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது, அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துதான் போயிற்று. “அப்படியானால் எப்படி சைபர் வந்தது?” என்று கேட்டார்.

உடையப்பன் முந்திக்கொண்டார். “களப்பணியாளர் செய்த பிழை. நாங்கள் வருந்துகிறோம்.”

“பிழை என்னுடையதுதான்,” என்றாள் ஜெயராணி. “ஆனால் இவர் சொல்லும் பிழை இல்லை. இங்கே உட்கார்ந்து பொழுது போக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். சைபர். இன்றைக்குக் கேட்டாலும் சைபர்தான் போடுவேன். யாரும் உள்ளே உட்காராமல், கடை வைக்காமல், செருப்புப் போடாமல், போன் கொண்டு போகாமல் காப்பாற்றியதால்தான் இந்தத் தண்ணீரைக் குடிக்க முடிகிறது. ஊர் கட்டுப்பாடாக இருந்ததற்கு நீங்கள் போட்ட மதிப்பெண் சைபர். தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்கவில்லையே என்று நானும் சும்மா இருந்தேன். அதுதான் என் பிழை.”

பிறகு இங்கிரிட், நாச்சி ஊருணியைப் பட்டியலில் இருந்து நீக்குவதாகவும், மேலவயல் மக்களிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். ஜெயராணி திரும்பி மீனம்மாளிடம் சொன்னாள்.

“எடுத்துட்டாங்கக்கா. படகு கிடகு ஒண்ணும் வராது.”

“எடுக்காமப் பின்ன?” என்றாள் மீனம்மாள். ஆனால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெயராணிக்கும் கண் கலங்கிவிட்டது. ஆகஸ்டிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த சைபர் இறங்கிவிட்டது.

போனில் உடையப்பனின் செய்தி வந்து விழுந்தது. ‘போதும். உடனே வெளியே வாங்க. நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்.’ என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு மாதக் காகிதம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. திரையில் இங்கிரிட் கூட்டத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஏழாம் எண் நீங்கலாக, மீதி நாற்பத்து இரண்டு இடங்களுக்கும் இப்போது ஒப்புதல் கேட்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம், இல்லையென்றால் ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொள்ளலாம்.

போனை அணைக்கக் கை வைத்தபோது இன்னொரு செய்தி வந்தது. அவளுக்கு மட்டும் அனுப்பியது. கென்யா-2. எட்டு மாதமாக ஒரு மூலையில் பார்த்த ஒல்லியான இளம்பெண், குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

‘சகோதரி, எங்கள் ஊரில் சைபர் போட்டது நான். பட்டியலில் பத்தொன்பதாம் எண். ஒரு காய்ச்சல் வருஷத்தில் குழந்தைகளைப் புதைத்த மேடு அது. யாரும் மிதிப்பதில்லை, சுற்றித்தான் போவோம். அதில் கடைத்தெரு வரப் போகிறது. என் மைக் பூட்டியிருக்கிறது.’

ஜெயராணி அதை இரண்டு தடவை படித்தாள். அவள் ஊருணி தப்பித்துவிட்டது, அவள் வந்த காரியம் முடிந்துவிட்டது, பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நாற்பத்து மூன்று இடங்களில் தன்னுடையதை மட்டும் சரி செய்துகொண்டு, நல்லபடியாகத் திருக்கோகர்ணத்துக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பெண்ணின் கட்டத்தைத் தேடிப் பார்த்தாள். அவள் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஆட்சேபம் இல்லையென்றால்…” என்றார் இங்கிரிட்.

“இருக்கிறது,” என்றாள் ஜெயராணி. கரையில் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது. “பத்தொன்பதாம் எண். கென்யா-2 இன் மைக்கைத் திறந்துவிடுங்கள். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் என்னுடையதை மூட மாட்டேன்.”